குறுமையத்தில் ஓடும் மாற்றுத்திறன் மாணவர்: விதி எங்கே வளைய வேண்டும், எங்கே வளையக் கூடாது

உயரம் தாண்டுதலில் உந்துவதற்கு விதிப்புத்தகம் வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒற்றைக் காலால் உந்த வேண்டும். அந்தக் கால் எப்படி இருக்க வேண்டும், மற்றது எப்படி இருக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் கிடையாது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து மோதி வலது கால் நசுங்கிப்போன மாரியப்பன் தங்கவேலு, பள்ளிப் பருவத்தில் கால் பாதிப்பில்லாத மாணவர்களோடு சேர்ந்துதான் தாண்டினார். அதற்காக எந்த விதியையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. பட்டியலில் அவர் பெயரை எழுத ஓர் உடற்கல்வி ஆசிரியர் இருந்தால் போதுமாக இருந்தது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்: 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, 2024 பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம்.

இந்தக் கதையைச் சொல்லி மேடையில் கைதட்டல் வாங்குவது சுலபம். கோவையிலோ ஈரோட்டிலோ தாராபுரத்திலோ ஒரு குறுமையப் போட்டி (அருகருகே உள்ள பள்ளிகள் மோதும் முதல்கட்டப் போட்டி) நடக்கும்போது காது கேளாத ஒரு மாணவி 100 மீட்டர் கோட்டில் வந்து நின்றால் என்ன செய்வது என்பதுதான் கடினம். பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. "விதியில் இடமில்லை" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் "பாவமுங்க, ஓடிட்டுப் போகட்டும் சார்" என்று ஓட விட்டு, கடைசியில் ஓர் ஆறுதல் பரிசைக் கையில் கொடுக்கிறார்கள். இரண்டுமே அநியாயம். முதலாவது வாய்ப்பைப் பறிக்கிறது. இரண்டாவது போட்டியையே பறிக்கிறது, ஏனென்றால் அந்த மாணவியின் ஓட்டத்தை யாரும் அளக்கவே இல்லை.

ஒரு விதியை மாற்றலாமா என்று முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: இந்த விளையாட்டு எதைச் சோதிக்கிறதோ அதை இந்த விதி காக்கிறதா, அல்லது அந்தச் சோதனையை நடத்துவதற்கான வசதிக்காக மட்டும் இருக்கிறதா? 100 மீட்டர் ஓட்டம் சோதிப்பது கால்களின் வேகத்தை. கிளாப்பர் (இரு பலகைகளை ஒன்றோடொன்று அடிக்கும் கருவி) எழுப்பும் சத்தம் அந்தச் சோதனையைத் தொடங்கி வைக்கும் ஒரு வசதி. தூரத்தைக் குறைப்பது முதல் வகை; சத்தத்துக்குப் பதில் கொடி காட்டுவது இரண்டாம் வகை. அமெரிக்கக் கல்வித் துறை 2013 ஜனவரியில் பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதலும் இந்தக் கோட்டைத்தான் பிடித்துக்கொண்டது. காது கேளாத ஓட்டக்காரருக்குத் துப்பாக்கிச் சத்தத்தோடு கண்ணுக்குத் தெரியும் சைகையும் கொடுக்க வேண்டும். இரு கைகளாலும் சுவரைத் தொட வேண்டும் என்ற நீச்சல் விதியை, ஒரு கையோடு பிறந்த மாணவருக்காகத் தளர்த்த முடியுமா என்று பள்ளி ஆராய வேண்டும், ஆராயாமல் மறுக்கக் கூடாது என்ற இரண்டும் அதில் உள்ள உதாரணங்கள்.

கொடி காட்டுவது சலுகை என்று நினைப்பவர்கள் முடிவுக்கோட்டில் நிற்கும் நேரக் கணக்காளரைப் பார்க்கட்டும். கைக்கடிகாரத்தை அவர் சத்தம் கேட்டு அழுத்தக் கூடாது. துப்பாக்கியின் புகையையோ, கிளாப்பர் பலகைகள் மூடுவதையோ கண்ணால் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். ஒலி 100 மீட்டரைக் கடக்கக் கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகிறது; கேட்டு அழுத்தினால் ஓடுபவருக்கு அவ்வளவு நேரம் இனாமாகக் கிடைத்துவிடும். ஆக, கண்ணால் பார்த்துத் தொடங்கும் வழக்கம் தடகளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே இன்னொருவருக்கும் தருகிறோம்.

ஆனால் செய்முறையில் பல இடங்களில் பிசகுகிறது. தொடக்க அலுவலர் கிளாப்பர் அடிக்க, பக்கத்தில் ஒரு மாணவர் கொடியை இறக்குவது வழக்கம். இருவர் கை ஒரே கணத்தில் இறங்காது. கொடிப் பையன் சத்தத்தைக் கேட்டுத்தான் இறக்குவான், கால் விநாடி போய்விடும். அதனால் கிளாப்பரின் மேல் பலகையிலேயே ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அடிப்பவரே காட்டுவதுதான் சரி. அவர் ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. உள்பக்க ஓரத்தில், தொடக்கக் கோட்டுக்கு ஐந்தாறு மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். துணி மார்பு உயரத்துக்கு மேலே போகக் கூடாது. குனிந்து தொடங்கும் மாணவி தலையைத் தூக்காமல் அது கண்ணில் பட வேண்டும். அவளுக்கு உள்பக்க லேன். தோளில் தட்டித் தொடங்கி வைப்பது சிலருடைய பழக்கம்; தட்டுபவரின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அதை விட்டுவிடுவதே நல்லது. இவ்வளவு செய்தாலும் ஒளியைப் பார்த்து உடல் அசைய, ஒலியைக் கேட்டு அசைவதைவிட விநாடியில் நூறில் மூன்று நான்கு பங்கு கூடுதலாகும். எல்லோரையும் கொடி பார்த்தே ஓடச் சொன்னால் அந்த வித்தியாசமும் மறைந்துவிடும்.

பலரும் மறக்கும் ஒன்று, திரும்ப அழைக்கும் சைகை. யாரோ ஒருவர் முந்திக் கிளம்பிவிட, இரண்டாவது முறை சத்தம் கொடுத்து எல்லோரையும் நிறுத்துகிறார்கள். காது கேளாத மாணவி மட்டும் 60, 70 மீட்டர் முழு வேகத்தில் ஓடிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். இரண்டே நிமிடத்தில் மறுபடி கோட்டில் நிற்க வைத்தால் அவள் தோற்பதில் என்ன வியப்பு? 30 மீட்டர் தூரத்தில் ஒருவர் சிவப்புக் கொடியோடு நிற்க வேண்டும். அப்படியும் அவள் ஓடிவிட்டால், மூச்சு தணியும்வரை அந்த ஹீட்டை (தகுதிச் சுற்று ஓட்டத்தை) நிறுத்திவைத்து அடுத்த ஹீட்டை முதலில் ஓட்டலாம். ஆனால் முந்திக் கிளம்பியது அவளே என்றால், மற்றவர்களுக்கு என்ன தண்டனையோ அதுவேதான் அவளுக்கும்.

கொங்கு நாட்டில் கபடி பேசாமல் விளையாட்டைப் பேச முடியாது. பாடிப் போகிறவர் "கபடி கபடி" என்று இடைவிடாமல், நடுவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும்; பாட்டு அறுந்தால் அவுட். பேச்சுத் திறன் பாதித்த மாணவர் இதனாலேயே பாடப் போகாமல் பிடிப்பவராகவே ஓரத்தில் நிற்கிறார். பாட்டு ஏன் வந்தது? ஒரே மூச்சில் போய்வர வேண்டும் என்று காலத்தை அளக்க. இன்று ஒரு ரெய்டுக்கு 30 விநாடி என்று கடிகாரமே அளக்கிறது. எனவே அந்த மாணவருக்குப் பாட்டு விதியை நிறுத்தினால் எதிரணிக்கு எந்த நஷ்டமும் இல்லை, 30 விநாடி விதியை மட்டும் கறாராகப் பிடித்தால் போதும். விசிலைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். விசில் ஊதிய பிறகும் காது கேளாத பிடிப்பவர் இழுத்துக்கொண்டே இருப்பார். அது முரட்டு ஆட்டமாகத் தெரியும், சில நேரம் முழங்கால் போய்விடும். நடுவரும் இரு துணை நடுவர்களும் விசிலோடு கொடியையும் தூக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்பே இரு அணித் தலைவர்களையும் அழைத்து இதைச் சொல்லிவிட வேண்டும்.

பார்வை பாதிப்பில் மாற்றம் பெரியது. அதனால் எழுதி வைத்த விதியும் அதிகம். பள்ளி அளவில் முதலில் செய்ய வேண்டியது பிரிப்பது. நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், எந்தத் தூரத்திலும் ஒரு கையின் உருவத்தை அடையாளம் காண முடியாதவர் ஒரு பிரிவு. கொஞ்சம் பார்வை உள்ளவர்கள் வேறு பிரிவு. எல்லோருக்கும் கண்ணைக் கட்டிவிட்டால் சமம் ஆகிவிடும் என்று சிலர் ஒரே ஹீட்டில் ஓட்டுகிறார்கள்; இருட்டில் ஓடிப் பழகாத, பாதி பார்வையுள்ள மாணவர் அங்கே தடுமாறி விழுவார். கண்மறைப்பு முழுப் பார்வையற்ற பிரிவுக்குத்தான் கட்டாயம். கைக்குட்டை பத்தாவது மீட்டரில் நழுவிவிடும். நீச்சல் கண்ணாடியின் உட்பக்கம் கறுப்பு டேப் ஒட்டிக் கொடுத்தால் நிற்கும்.

வழித்துணை ஓட்டக்காரருக்கும் சேர்த்து ஒருவருக்கு இரண்டு லேன் தேவை. ஆறு லேன் போட்ட பள்ளி மைதானத்தில் ஒரு ஹீட்டுக்கு மூன்று பேர்தான். நேரம் போதவில்லை என்று இதைச் சுருக்கினால் இரண்டு ஜோடிகள் மோதிக்கொள்ளும். இருவர் கையையும் இணைக்கும் கயிறு இழுபடாததாக இருக்க வேண்டும், எலாஸ்டிக் ஆகாது. கெட்டியான ஷூ லேஸ் இரு முனையிலும் வளையம் போட்டால் போதும். துணைவர் இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, முடிவுக்கோட்டை மாணவருக்கு முன்னால் கடக்கக் கூடாது. தவறுக்கு முக்கியக் காரணம் துணைவரின் தேர்வு. வகுப்புத் தோழனையே அனுப்புகிறார்கள். 15 விநாடியில் ஓடும் மாணவருக்கு 13 விநாடியில் ஓடக்கூடியவர் துணையாக வேண்டும். ஒரு கையை வீசாமல், பேசிக்கொண்டே ஓட வேண்டுமே. மெதுவான துணைவர் கடைசி 20 மீட்டரில் பாரமாகிவிடுவார், வேகமான ஆனால் பழகாத துணைவர் இழுத்துக்கொண்டு போவார்.

நீளம் தாண்டுதலில் பார்வையற்றவருக்கு 20 சென்டிமீட்டர் பலகை கிடையாது. 1 மீட்டர் நீளம், 1.22 மீட்டர் அகலத்தில் சுண்ணப்பொடி தூவிய கட்டம் போட்டு, அதில் உந்திய கால் பதிந்த தடத்தின் முன்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். ஒவ்வொரு தாண்டலுக்குப் பிறகும் பொடியைச் சமப்படுத்த வேண்டும். எந்தத் திசையில் ஓடுவது என்பதைக் கூப்பிடுபவர் கைதட்டியோ குரல் கொடுத்தோ சொல்வார். இங்கேதான் நம் ஊர்க் காற்று வம்பு செய்கிறது. குறுமையப் போட்டிகள் பெரும்பாலும் ஆடியை ஒட்டி வருகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கோவை, பொள்ளாச்சி, உடுமலை மைதானங்களில் புழுதியைக் கிளப்பி அடிக்கும் காலம் அது. ஓடுபாதை கிழக்கு நோக்கி இருந்தால், மணல் குழிக்கு அருகில் நின்று கூப்பிடுபவரின் குரலைக் காற்று அப்பால் கொண்டுபோய்விடும். மாணவர் கோணலாக ஓடிக் குழியின் ஓரச் சிமெண்டில் இறங்குவார். மேற்கு நோக்கி ஓடும் பாதை இருந்தால் குரல் காற்றோடு அவரிடம் வந்து சேரும். எதிர்காற்றில் தூரம் சற்றுக் குறையும், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் குறையும். அந்தப் பத்து நிமிடம் மைக்கை நிறுத்திவைப்பது கட்டாயம். ஆரவாரம் செய்து உற்சாகப்படுத்துவதும் இங்கே தொந்தரவுதான்.

கை, கால் பாதிப்பில்தான் மிகப் பெரிய அநீதி நடக்கிறது, அதுவும் கெட்ட எண்ணமே இல்லாமல். "உடல் ஊனமுற்றோர் 100 மீட்டர்" என்று ஒரே ஓட்டம் வைக்கிறார்கள். இடது கையில் மூன்று விரல் இல்லாத மாணவனும், போலியோவால் ஒரு கால் மெலிந்த மாணவனும், மூளை முடக்குவாதம் உள்ள மாணவனும் ஒரே கோட்டில். யார் ஜெயிப்பார் என்பது கோட்டுக்கு வரும் முன்பே தெரியும். அடையாள அட்டையில் உள்ள சதவீதத்தைப் பார்த்துப் பிரிப்பதும் இதற்குத் தீர்வாகாது. 40 சதவீதம் என்பது உதவித்தொகைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் சட்டம் வைத்த எல்லை. ஓடுவதில் எவ்வளவு தடை என்று அது சொல்லாது. கையில் 60 சதவீதம் உள்ளவர், காலில் 40 சதவீதம் உள்ளவரை ஓட்டத்தில் சுலபமாக முந்துவார்.

பாரா தடகளம் இதற்காகத்தான் ஓட்டத்துக்கு டி என்றும் எறிதலுக்கு எஃப் என்றும் எழுத்துப் போட்டு எண்களால் பிரிக்கிறது: 11 முதல் 13 பார்வை, 20 அறிவுசார் பாதிப்பு, 31 முதல் 38 மூளை முடக்குவாதம் போன்ற ஒருங்கிணைப்புக் குறை, 40, 41 குள்ள உருவம், 42 முதல் 44 கால், 45 முதல் 47 கை, 51க்கு மேல் சக்கர நாற்காலி அல்லது அமர்ந்து எறிபவர், 61 முதல் 64 செயற்கைக் காலோடு ஓடுபவர். செவித்திறன் பாதிப்பு பாராலிம்பிக்கில் இல்லை. அதற்கு டெஃப்லிம்பிக்ஸ் தனி, அங்கே நல்ல காதில் 55 டெசிபல் இழப்பாவது இருக்க வேண்டும், போட்டியின்போது காதுக் கருவியைக் கழற்றிவிட வேண்டும். ஒரு குறுமையத்தில் இத்தனை பிரிவும் வைக்க ஆள் இருக்காது. ஆனால் கை தனி, கால் தனி, மூளை முடக்குவாதம் தனி என்று மூன்றாகவாவது பிரிக்க முடியும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் இந்தக் குழந்தைகளை ஆண்டு முழுவதும் பார்ப்பவர்கள். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு அரை நாள் உட்கார்ந்தால் அவர்களே பிரித்துத் தந்துவிடுவார்கள். போட்டியன்று காலை மேசையில் வைத்துப் பிரித்தால் சண்டையில்தான் முடியும்.

அப்படியும் ஒரு பிரிவில் ஒன்றிரண்டு பேர்தான் என்றால், ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அறிவுசார் பாதிப்புள்ளவர்களுக்காக வைத்திருக்கும் 15 சதவீத வழி உதவும். சிறு பிரிவுகளைச் சேர்த்து, நெருங்கிய நேரம் உள்ளவர்களை ஒரு குழுவாக்குவதுதான் அது. முதலில் ஒரு சோதனை ஓட்டம். ஏழு பேரின் நேரம் 15.8, 16.9, 17.6, 19.4, 20.5, 21.7, 24.0 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 15.8உடன் அதன் 15 சதவீதத்தைக் கூட்டினால் 18.2, முதல் மூவர் ஒரு குழு. 19.4இலிருந்து கணக்கிட்டால் எல்லை 22.3, அடுத்த மூவர் ஒரு குழு. 24.0 தனியாக நிற்கிறது. அவரைத் தனியே ஓட விடாமல் இரண்டாம் குழுவில் சேர்க்க வேண்டும்; 15 சதவீதம் ஒரு வழிகாட்டி, இரும்புக் கோடு அல்ல. வேண்டுமென்றே சோதனையில் மெதுவாக ஓடி, கீழ்க் குழுவில் புகுந்து முதல் பரிசை அள்ளுவதைத் தடுக்கவும் இதே எண் பயன்படும்: இறுதி ஓட்டத்தில் சோதனை நேரத்தைவிட 15 சதவீதத்துக்கு மேல் வேகம் கூடினால் தகுதி நீக்கம். 21.7இல் ஓடியவர் இறுதியில் 18.2இல் வந்தால் அவர் முன்பு நேர்மையாக ஓடவில்லை. இந்த வழி குறுமையத்துக்குப் பொருந்தும். மாநில அணிக்குத் தேர்வு செய்யும் இடத்தில் முறையான வகைப்பாடுதான் வேண்டும், அங்கே இதை வைத்துச் சமாளிக்கக் கூடாது.

அமர்ந்து குண்டு எறிபவர்களுக்கு நாற்காலி இல்லை என்று பள்ளிகள் சொல்வதை ஏற்க முடியவில்லை. கணபதியிலோ பீளமேட்டிலோ எந்தப் பட்டறையிலும் ஒரே நாளில் வெல்டிங் செய்து தருவார்கள். மெத்தையோடு சேர்த்து இருக்கையின் உயரம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது; பிடித்துக்கொள்ளும் கம்பி வளைவில்லாத ஒற்றைக் கம்பியாக, அசையாமல் இருக்க வேண்டும், ஸ்பிரிங் போல் துள்ளக் கூடாது. தரையோடு பிணைக்க, நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரியில் சரக்கு இறுக்கும் ராட்செட் பெல்ட் நான்கும், மூலைக்கு ஒன்றாகச் சாய்த்து அடித்த கடப்பாரையும் போதும். மழை பெய்த செம்மண்ணில் கடப்பாரை நெகிழ்ந்து வந்துவிடும். ஒவ்வொரு எறிதலுக்கும் முன் காலால் உதைத்துப் பார்க்க வேண்டும். எறியும்போது பிட்டம் இருக்கையை விட்டு எழுந்தால் ஃபவுல். பக்கவாட்டில் ஒரு நடுவர் இதை மட்டுமே பார்க்க உட்கார வேண்டும். பள்ளிப் போட்டிகளில் எவரும் பார்க்காமல் விடுவது இதைத்தான். விட்டுவிட்டால் இடுப்பு வலுவுள்ளவர் எழும்பி எறிந்து, இடுப்புக்குக் கீழ் உணர்வே இல்லாதவரை வென்றுவிடுவார்.

சக்கர நாற்காலி ஓட்டம் தனிச் சிக்கல். 100 மீட்டரில் கிளம்பும்போது நாற்காலி பின்தங்கும். 800 மீட்டரில் நிலைமை தலைகீழ்: கென்ய ஓட்டக்காரர் டேவிட் ருடிஷாவின் 1 நிமிடம் 40.91 விநாடி என்ற உலக சாதனையைவிடச் சிறந்த டி54 வீரர்கள் வேகமாக முடிக்கிறார்கள். ஆகவே ஒரே நேரத்தில் ஓடலாம், ஒரே பட்டியலில் இடம் போடக் கூடாது. அமெரிக்காவின் மேரிலாண்டில் தாத்தியானா மெக்ஃபேடன் என்ற மாணவி, தன்னை வெற்று மைதானத்தில் தனியாக ஓட விடுகிறார்கள் என்று 2006இல் பள்ளி நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். நஷ்டஈடு கேட்கவில்லை, மற்றவர்களோடு சேர்ந்து ஓட வேண்டும் என்பது மட்டுமே கோரிக்கை. நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, 2008இல் அந்த மாநிலம் மாற்றுத்திறன் மாணவர்களின் பள்ளி விளையாட்டுக்கென்றே சட்டம் இயற்றியது.

நம்மிடம் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகள் மட்டுமல்ல, அரசின் அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளும் விளையாட்டு வாய்ப்பை மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும் என்கிறது. நாமக்கல், ஈரோடு மெட்ரிக் பள்ளிகளும் இதற்குள் அடக்கம். 30ஆம் பிரிவு விளையாட்டுக்கென்றே எழுதப்பட்டது. மிகையான சுமை ஏற்படாத வரை, தேவையான மாற்றத்தைச் செய்து தருவது கடமை என்கிறது சட்டம். கிளாப்பரில் கட்டும் சிவப்புத் துணியை யாரும் மிகையான சுமை என்று வாதிட முடியாது. மீறினால் 89ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த முறை 50,000இலிருந்து 5 லட்சம் வரை. புகாரை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அனுப்பலாம்.

சட்டத்தின் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. பாரா விளையாட்டு ஏற்பது 10 வகையைத்தான். நீலகிரி மலைப்பகுதிப் பள்ளிகளில் அரிவாள் செல் ரத்தசோகை உள்ள பழங்குடி மாணவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி மாற்றுத்திறனாளி, பாரா பிரிவு எதிலும் இடமில்லை. பொதுப் போட்டியில்தான் ஓட வேண்டும். நீர் வற்றுவதும் இடைவெளி இல்லாமல் மூச்சு முட்ட ஓடுவதும் அவர்களுக்கு ஆபத்து. ஹீட்டுக்கும் இறுதிக்கும் நடுவில் கூடுதல் ஓய்வு, கையில் தண்ணீர், உச்சி வெயிலில் ஓட்டமில்லை: கேட்க வேண்டியது இவ்வளவே.

மாற்றிய விதியை மாற்றிய பிறகு தளர்த்தக் கூடாது. பாரிஸில் பார்வை பாதித்தோர் மாரத்தானில் ஸ்பெயினின் எலெனா கொங்கோஸ்ட், கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் தசைப்பிடிப்பில் சரிந்த தன் துணைவரைத் தாங்கக் கயிற்றை ஒரு கணம் விட்டார்; தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மனம் கனக்கும் முடிவு. டோக்கியோவில் வட்டெறிதலில் வெண்கலம் வென்ற நம் வினோத் குமாரின் முடிவு, வகைப்பாட்டை உறுதிசெய்ய முடியவில்லை என்று செல்லாமல் போனது. 2000 சிட்னியில் ஸ்பெயினின் அறிவுசார் பாதிப்புக் கூடைப்பந்து அணியில் 12 பேரில் 10 பேருக்குப் பாதிப்பே இல்லை என்று தெரியவந்ததில், அந்தப் பிரிவினர் அனைவரும் 2012 லண்டன் வரை பாராலிம்பிக்கிலிருந்து வெளியே நிற்க வேண்டியதாயிற்று. பொய்ச் சான்றோடு ஒருவர் உள்ளே வந்தால் உண்மையான பாதிப்புள்ளவர்தான் பலியாகிறார். "பாவம், குழந்தைதானே" என்று பள்ளியில் கண்ணை மூடிக்கொண்டால், மாநிலப் போட்டிக்குப் போன பிறகு அந்தக் குழந்தைதான் நடுவர் மேசை முன் அழுதுகொண்டு நிற்கும்.

ஆகையால் செய்ய வேண்டியதெல்லாம் போட்டி நாளுக்கு முன்னால்தான் இருக்கிறது. குறுமைய நுழைவுப் படிவத்தில் பெயர், வகுப்பு, பிறந்த தேதிக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் சேர்க்க வேண்டும்: எந்தப் பாதிப்பு, எந்த விதியில் என்ன மாற்றம் வேண்டும். படிவம் வந்த பிறகு அமைப்புச் செயலர் ஏற்றதையும் மறுத்ததையும் காரணத்தோடு எழுதி, போட்டிக்கு மூன்று நாள் முன்பாவது எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்ப வேண்டும். தொடக்க அலுவலர், நேரக் கணக்காளர், நடுவர் மூவரிடமும் அந்தத் தாள் ஒரு பிரதி இருக்க வேண்டும். ஆட்சேபம் எழுத்தில், முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள். சான்றிதழில் "மாற்றுத்திறனாளி - முதலிடம்" என்று மொட்டையாக எழுதாமல், பிரிவு, நேரம் அல்லது தூரம், ஓடியவர் எண்ணிக்கை மூன்றையும் நிரப்ப வேண்டும். முதலமைச்சர் கோப்பையின் மாற்றுத்திறனாளிகள் பிரிவுக்கு அந்த மாணவி அடுத்து விண்ணப்பிக்கும்போது, அவள் எவ்வளவு வேகமாக ஓடுவாள் என்பதற்கு ஊரில் இருக்கப்போகும் ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான்.